கூரையில்லாத காரும் ஊடுகாற்றும்

ட்ரோகிர், ஜூலை 9

ரியேகாவில் எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு சௌக்கியமாக வீற்றிருக்கும் மதிப்புக்குரிய மச்சான் பெப்போ அவர்களுக்கு,

உங்கள் தங்கை பெரினாவின் வீட்டுக்காரன் ஷ்பிரோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அத்திமரமும் நலம். மத்தி மீன் இந்த வருஷம் தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் முழங்காலும் உங்கள் வீட்டம்மாவின் ரத்த அழுத்தமும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கார் வாங்கியிருக்கிறேன். பழைய கார்தான், இருபத்தொரு வயது, ஷிபெனிக்கில் ஒரு பல் டாக்டரிடம் இருந்தது. சிவப்பு நிறம், துணிக்கூரை. பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பாதியில் ஒருமுறை நின்று யோசிக்கும், அப்போது ஒரு தட்டுத் தட்ட வேண்டும். முப்பத்தாறு வருஷம் கப்பலின் இயந்திர அறையில் கிடந்தவன் மச்சான் நான். கடலிலேயே இருந்தும் கடலைப் பார்க்கவில்லை. பெரினாவோ அத்தனை வருஷமும் தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தாள், மீன் ஆலையின் வேனை ஓட்டினாள், காரியம் இல்லாமல் ஒருநாள்கூட வீட்டுப்படி இறங்கியதில்லை. இப்போதாவது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே போகிறோம் என்றே தெரியாமல், கடலோரமாக மெதுவாகப் போக வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். ஓட்டுவது நான்தான். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவள் ஓட்டினால், கஃபே வாசலில் உட்கார்ந்திருக்கிற பயல்கள் என்னை உயிரோடு விடுவார்களா?

காரைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கூரை எங்கங்க?" மடித்து வைத்திருக்கிறது என்றேன். "அப்போ நாலு பக்கமும் ஊடுகாத்து! என்னைக் கொல்லவா வாங்கிட்டு வந்தீங்க? எங்கண்ணன் பட்ட பாடு மறந்துபோச்சா?" மறக்குமா? எண்பத்தேழாம் வருஷம் ரயிலில் எதிரெதிர் ஜன்னல் இரண்டும் திறந்திருக்க, நீங்கள் நடுவில் உட்கார்ந்து வந்து, ஊடே பாய்ந்த காற்று பட்டு, ஆறு வாரம் வாய் காதுப்பக்கம் குடிபோய்விட்டதே! அன்றிலிருந்து ஊடுகாற்று விஷயத்தில் நம் குடும்பத்துக்கு நீங்கள்தான் உச்ச நீதிமன்றம்.

ஆக, ஜூலை வெயிலில் கூரையை மூடி, கண்ணாடியை ஏற்றி, இருவரும் போட்ட துணி தெப்பமாக நனைந்தபடி ஊர்வலம் போனோம். கஃபே வாசலிலிருந்து ஒருவன் கத்தினான்: "என்ன ஷ்பிரோ, ரெண்டு பேரும் வெந்தாச்சா, இன்னும் கொஞ்சம் ஆகணுமா?" மானம் போயிற்று மச்சான்.

கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் கூரையைத் திறக்க வைத்தேன். தலையில் முக்காடு, காதில் பஞ்சு, கழுத்தில் கம்பளித் துண்டு. நூறடி போவதற்குள், "நிறுத்துங்க! ஊடுகாத்து!" என்று ஒரே அலறல். சடக்கென்று நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் சைக்கிளில் குறுக்கே போனாள், அது வேறு விஷயம். தேவாலய வளைவில், "வலது பக்கம் ஒடிங்க, இடது காதுல அடிக்குது!" என்றாள். ஒடித்தேன். ஒரு பால் லாரி எங்களை உரசிக்கொண்டு போனதைப் பிறகுதான் கவனித்தேன். தபால் நிலையத்து அரளித் தொட்டியை இடித்ததுகூட இவளோடு வாதாடிக்கொண்டிருந்ததால்தான். "எனக்குக் கழுத்து புடிச்சிருச்சு, வண்டியை இங்கேயே போடுங்க, நடந்து போவோம்" என்று இறங்கிவிட்டாள். மூன்று கிலோமீட்டர், என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிடிவாதக்காரி.

நடக்கும்போது யோசித்தேன். வடக்கேயிருந்து புராப் புயல்காற்று அடித்து வீட்டு ஓடு பறந்தால்கூட நம் ஜனங்கள் அசைவதில்லை. அது வெறும் காற்று. ஊடுகாற்று என்றால் நுழைய ஒரு வாசல், போக ஒரு வாசல் வேண்டும். கூரையைத் திறந்த காருக்கு உள்ளே என்று ஒன்று இருக்கிறதா? உள்ளே இல்லையென்றால் ஊடு எங்கேயிருந்து வரும்? பெரினாவிடம் கேட்டேன். முக்காட்டை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். பிறகு, "எங்கண்ணன் கைப்பட எழுதட்டும், அவர் சொல்றபடி உக்கார்றேன்" என்றாள்.

ஆகையால் மச்சான், ஒரே ஒரு வரி எழுதுங்கள். அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அவளிடம் மூச்சுவிடாதீர்கள். செப்டம்பரில் என் ஓட்டுநர் உரிமம் முடிகிறது. கண் மங்கிக்கொண்டே போகிறது, இனி புதுப்பித்துத் தர முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கு இருப்பது இந்த ஒரு கோடைதான். அவள் என் பக்கத்தில் உட்காராமலே அது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் எதிரெதிர்க் கதவுகள் ஒருநாளும் ஒரே நேரத்தில் திறக்காதிருக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
ஷ்பிரோ

பி.கு: அண்ணா, நான் பெரினா. தபாலில் போடச் சொல்லி என்கிட்ட கொடுத்தார். காபிக் கெண்டி ஆவியில கவர் ஒட்டு தானாப் பிரிஞ்சிருச்சு. அவர் கண்ணு விஷயம் மார்ச் மாசமே எனக்குத் தெரியும். தபால் பெட்டியை யாரோன்னு நெனச்சு நலம் விசாரிச்சவர் ஆச்சே. ஊடுகாத்துக்கு நானா பயப்படுவேன்? பதினொரு வருஷம் கண்ணாடி உடைஞ்ச வேனை ஓட்டினவ! "பிரேக்கைப் போடுங்க"ன்னா அவருக்குக் கோவம் வரும். "ஊடுகாத்து"ன்னா உடனே நிறுத்திடுறார், அதான். நீங்க இப்படி எழுதுங்க: திறந்த கார்ல ஸ்டியரிங் இருக்கிற பக்கம் மட்டும் ஊடுகாத்து அண்டாது, அதனால பெரினா அங்கதான் உக்காரணும். நீங்க சொன்னா மறுபேச்சு பேசமாட்டார், கஃபேக்காரங்களும் வாயைத் திறக்க முடியாது. ரோட்டை நான் பாத்துக்கிறேன் அண்ணா. அவர் கடலைப் பாக்கட்டும்.