ஐஸ் போடாதீங்க அங்கிள்

ஒரு விஷயத்தைக் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டவர்களுக்கு இருக்கும் வாய், முழுவதும் தெரிந்தவர்களுக்கு இருப்பதில்லை. எனக்கு விஸ்கியைப் பற்றி மூன்று நாள் அளவுக்குத் தெரியும். கம்பெனி கொடுத்த பயிற்சி அவ்வளவுதான். (அதிலும் கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் சாப்பாடும் குரூப் போட்டோவும்.) அதற்குக் கிடைத்த சான்றிதழை லேமினேட் செய்து கடையில் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மதுபானக் கடையில் விற்பனைப் பெண். ஆனால் என் பேச்சைக் கேட்டால் ஸ்காட்லாந்தில் பிறந்து, கைமாறிப்போய்ப் பக்கத்து ஊர் ஸ்கூடாயில் வளர்ந்தவள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அம்மா வைத்த ரசத்தை மோந்து பார்த்து, "முதல்ல மிளகு, நடுவுல புளி, கடைசியில லேசா ஒரு புகை" என்று சொல்லிக் கரண்டியால் அடி வாங்கியிருக்கிறேன். (புகை உண்மைதான். தாளிப்பு கருகியிருந்தது.)

அம்மாவுக்கு என் வேலை பிடிக்காது என்று சொல்ல முடியாது. சம்பளம் பிடிக்கும். வேலையின் பெயர்தான் பிடிக்காது. அதனால் சொந்தக்காரர்களிடமெல்லாம் நான் பெர்ஃப்யூம் கடையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். "ரெண்டும் பாட்டில், ரெண்டும் வாசன. இதுல பொய் எங்க இருக்கு?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் கதிர். சிங்கப்பூரில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிப் போய்விட்டுப் புழுதியோடு திரும்பி வருகிறவன். ஒரு தோழியின் கல்யாணத்தில் பழக்கமாகி, ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். என் வேலை என்னவென்று அவனுக்குத் தெரியும். அன்னாசித் தோட்டங்கள் நிறைந்த பெக்கான் நானாஸில் இருந்த அவன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பதும் தெரியும்.

"எங்கம்மாவுக்குக் குடின்னாலே ஆகாது. அப்பாவே அவங்களுக்காக நிறுத்திட்டாரு. நீயும் பெர்ஃப்யூம்னே சொல்லிடு. கல்யாணத்துக்கு அப்புறம் மெல்ல சொல்லிக்கலாம் லா" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோரோடு பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில், ஒரு பெரியவர் உள்ளே வந்தார். தொப்பியை மூக்குவரை இறக்கியிருந்தார். பணம் கொடுத்து வாங்கப் போகிறவர்தான், ஆனால் திருட வந்தவர்போல நடந்தார்.

"பொண்ணு, தினம் கொஞ்சமா குடிக்கிற மாதிரி ஒண்ணு குடும்மா. தொண்டையப் பிடிக்கக் கூடாது. வெலயும் தொண்டையப் பிடிக்கக் கூடாது."

சாதாரணமான பெண்ணாக இருந்தால் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருப்பாள். நான் சான்றிதழ் பெற்றவள். புகை வாசனையில் இருந்து பாடத்தை ஆரம்பித்து, சின்ன பிளாஸ்டிக் கப்பில் ஒரு சொட்டு ஊற்றிக் கொடுத்தேன்.

வாயில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "அலமாக்! எஸ்டேட்டுல ரப்பர் ஷீட்டப் புகை போடுற கொட்டாய்க்குள்ள இருபது வயசுல வேல செஞ்சேன். அங்கருந்து தப்பிச்சு ஓடி வந்தவன்மா நானு. அதையே பாட்டில்ல அடைச்சுக் குடுக்குறியே!"

"அப்போ இது வேணாம். தினம் குடிக்கிறதுக்கு, பல விஸ்கி கலந்த பிளெண்டட் போதும் அங்கிள். லேசா இருக்கும்."

"பாட்டில்ல வருஷம் போட்டிருக்கே. வருஷம் கூடினா நல்லதுதானே?"

"வயசு கூடினா வெல கண்டிப்பா கூடும். ருசியும் கூடும்னு சொல்ல முடியாது. மனுஷங்க மாதிரிதான்."

பெரியவர் தொப்பியைத் தூக்கிச் சிரித்தார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. எப்படிக் குடிப்பீர்கள் என்று கேட்டேன். கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு, இடுக்கில் விஸ்கி ஊற்றுவாராம்.

"ஐயோ, ஐஸ் போடாதீங்க அங்கிள்! வாசன செத்துப் போயிடும். ஒரு மூடி தண்ணி மட்டும் ஊத்துங்க. மெல்ல மோந்து பாருங்க. அப்புறம் குடிங்க."

"நீ குடிப்பியாம்மா?"

"சனிக்கிழம சாயந்தரம் ஒரு கிளாஸ். குடிக்காம எப்படி விக்கிறது?"

"என் வீட்டுக்காரி உன்ன மாதிரி இருந்திருந்தா..." என்று பெருமூச்சு விட்டவர், பாட்டிலைத் துணிப்பைக்குள் போட்டு மேலே ஒரு கட்டுக் கீரையை வைத்து மூடினார். "நான் நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு லா. வீட்டுல அப்படித்தான் கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கதிர் வீட்டார் அன்னாசிப் பழங்களோடு வந்து இறங்கினார்கள். நான் பட்டுச்சேலையில், ரோஸ் சிராப் கிளாஸ்களும் ஐஸ் கிண்ணமும் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த புன்னகையோடு ஹாலுக்கு வந்தேன்.

நாற்காலியில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லை.

(கதிர் எனக்குக் காட்டியிருந்த குடும்பப் படம் அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எடுத்தது. அதில் அவன் அப்பாவுக்கு இருந்த மீசையும் முடியும் இப்போது இல்லை. என் படத்தை அவன் அம்மாவிடம் மட்டும்தான் காட்டியிருந்தான்.)

முறுக்கை எடுக்கப் போன அவர் கை பாதியில் நின்றது. என் தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அரை விநாடிதான். இருவரும் கண்ணாலேயே பேசி முடித்துவிட்டோம். நான் உன்னைப் பார்த்ததில்லை, நீ என்னைப் பார்த்ததில்லை. அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், கதிரின் அம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

"பெர்ஃப்யூம் கடையில இருக்கியாமே. இவருக்கு ஏத்த மாதிரி ஒண்ணு சொல்லேன். கொஞ்ச நாளா இவரு மேல என்னமோ ஒரு வாசன வருது."

பெரியவர் சிராப்பை ஒரே மடக்கில் பாதி குடித்தார். எனக்கு வாசனையைப் பற்றித் தெரிந்த மொழி ஒன்றுதான்.

"நல்லதா ஒண்ணு இருக்கு ஆண்ட்டி. முதல்ல தேன் வாசன வரும். அப்புறம் காஞ்ச திராட்ச. கடைசியில தொண்டையில கதகதன்னு..."

"தொண்டையிலயா?"

"கழுத்துல ஆண்ட்டி. கழுத்துலதானே பூசுவாங்க."

"எத்தன நாளைக்கு வெச்சிருக்கலாம்?"

"பன்னண்டு வருஷம் பீப்பாயில இருந்து..."

கதிருக்கு இருமல் வந்தது. "இப்பல்லாம் பெர்ஃப்யூமும் பீப்பாயிலதான் வருதாம்" என்று என் அம்மா அவசரமாக முட்டுக்கொடுத்தார். பெரியவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கிளாஸை என் பக்கம் நீட்டி, "கொஞ்சம் ஐஸ் போடும்மா" என்றார்.

வாய் என்னுடையதுதான். ஆனால் அந்த நேரத்தில் அது கடையில் இருந்தது.

"ஐஸ் போடாதீங்க அங்கிள்! அன்னைக்கே சொன்னேன்ல, வாசன செத்துப் போயிடும்னு!"

கதிரின் அம்மா கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கேன்னா என்னைக்கி?" என்று கேட்டார். என்னிடம் அல்ல, கணவரிடம்.

பெர்ஃப்யூம் வாங்கப் போனேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். பயம் வந்தால் உண்மை பேசிவிடுகிற ஜாதி போலிருக்கிறது. "ஒரு பாட்டில்தான் வாங்கினேன்" என்றார்.

"என்ன பாட்டில்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கதிரைப் பார்த்தேன். கதிர் அன்னாசிப் பழத்தைப் பார்த்தான். பாவம், பெரியவருக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்று தோன்றியது. உதவினேன்.

"லேசானதுதான் ஆண்ட்டி. தினம் குடிக்கிறதுக்கு ஏத்தது."

"தினம்" என்ற ஒரே வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிட்டு அந்த அம்மா எழுந்து காருக்குப் போய்விட்டார். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். பழங்களை எடுத்துப்போக அவர்களுக்கும் தோன்றவில்லை, திருப்பிக் கொடுக்க எங்களுக்கும் தோன்றவில்லை. "பெர்ஃப்யூம்ங்கிற ஒரு வார்த்தைய ஒரு மணி நேரம் காப்பாத்த முடியலயா உனக்கு?" என்று அம்மா அழுதார். நான் பட்டுச்சேலையோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். கதிரிடமிருந்து ஒரே ஒரு குறுஞ்செய்தி வந்தது: "வீட்டுல யாரும் யாரோடயும் பேசல. என்னோடயும்தான்."

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாகச் சான்றிதழைக் கழற்றி உள்ளே வைத்தேன். அந்த வாரம் வந்தவர்கள் கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். முதலாளி, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

வியாழக்கிழமை கதிரின் அம்மா தனியாகக் கடைக்கு வந்தார். கைப்பையை நெஞ்சோடு அணைத்து, எந்த பாட்டிலும் மேலே பட்டுவிடாமல் நடந்து வந்தார்.

"அவரு வாங்கினது எது? காட்டு."

மூடியைத் திறந்து கொடுத்தேன். மோந்து பார்த்தார். மறுபடியும் ஒருமுறை.

"இதே வாசனதான். இருமல் மருந்துன்னுதான் சொன்னாரு. அடிக்கடி மருந்து குடிக்கிறாரேன்னு பயந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி எக்ஸ்ரே எடுத்தேன். அந்த மனுஷன் ஒண்ணுமே சொல்லாம சட்டையக் கழட்டி நெஞ்சக் காட்டிக்கிட்டு நின்னாரு. குடிச்சாக்கூடத் தொலையுது. ராத்திரியில முழிச்சு முழிச்சு அவரு மூச்சு ஒழுங்கா வருதான்னு கேட்டுக்கிட்டே கெடந்தேனே, அத யாருகிட்ட போயி சொல்ல?"

"மன்னிச்சிடுங்க ஆண்ட்டி" என்றேன்.

"உன்ன ஒண்ணும் சொல்லல. எங்க வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேருக்கும் பொய் சொல்ல நல்லா வருது. உனக்கு வரல. எனக்கு அது போதும்."

(நானும் நன்றாகத்தான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை, அவ்வளவுதான்.)

பிறகு அவர் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்து, உருண்டை டின்னில் வந்த ஒரு பாட்டிலை எடுத்துக் கல்லாவில் வைத்தார். "இனிமே அவருக்கு நான்தான் வாங்குவேன், நான்தான் ஊத்துவேன். இது முடிஞ்சா டின்னுல முறுக்கு போட்டு வைக்கலாம்."

அது புகை வாசனை விஸ்கி. ரப்பர்க் கொட்டாய். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக மூடிக்கொண்டேன். பெரியவர் அந்த பாட்டிலை ஒரு குறையும் சொல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார் என்று கதிர் சொன்னான்.

எங்கள் கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் அத்தையின் (கதிரின் அம்மாதான்) ஒன்றுவிட்ட தங்கை, "மருமக என்ன வேல பாக்குது?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த என் அம்மா, "பெர்ஃ..." என்று ஆரம்பிப்பதற்குள் அத்தை மண்டபத்துக்கே கேட்கும்படி பதில் சொன்னார்.

"விஸ்கி விக்குது. நல்லா விக்குது. உன் வீட்டுக்காரரக் கேட்டுப் பாரு. எங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு, இவரும் அவரும் சேர்ந்துதான் வாங்குவாங்களாம்."

பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த அந்தத் தங்கையின் வீட்டுக்காரர், வாளியை அங்கேயே வைத்துவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார்.

இன்றைக்கும் அந்தப் பக்கத்து விசேஷம் எதற்காவது நான் போய் இறங்கினால், ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து காரைப் பூட்டினோமா என்று பார்க்கப் போய்விடுகிறார்கள். "மாலினி வந்திருச்சு, வாங்க வாங்க, முதப் பந்தியிலயே எடம் கெடைக்கும்" என்று பெண்கள் எல்லாரும் இலை முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.