ஒரு டோக்கன், இரண்டு முழங்கால்

இனி ஆயுசுக்கும் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் செய்தேன். கோபத்தில் செய்த சபதம்தான். ஆனால் என் கோபம் நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக ஏறி கரண்ட் மீட்டர் கணக்கெடுத்தவன் நான். ஏறிய படிகளை அடுக்கினால் நிலாவைத் தொட்டுவிட்டு வரலாம். இடது முழங்கால் தேய்ந்ததில் ஆச்சரியமில்லை. அதைக் காட்டப் போனால், மூன்று தடவைக்கு மூன்று டாக்டர். போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயைக் கையில் வைத்திருந்தேன். அது பழசாம், புதிதாக எடுக்க வேண்டுமாம். முப்பது நாளில் என் முழங்காலில் என்ன மாடியா கட்டிவிட்டேன்? எடுத்தேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தேன். டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்தார். மூட்டுத் தேய்மானம், வயசானால் இப்படித்தான் என்றார். வயசாகிவிட்டது என்று சொல்ல டாக்டர் எதற்கு? என் வீட்டுக் கண்ணாடி அதைத் தினமும் இலவசமாகச் சொல்கிறது. பென்ஷனில் பாதியை அங்கே கொட்டிவிட்டு, வயிறெரிந்து வீடு வந்தேன்.

அன்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். எழுந்தால் வலித்தது. அதனால் எழுவதையே விட்டுவிட்டேன்.

இந்த நேரம் பார்த்து என் மனைவிக்கு வலது முழங்கால் வலி வந்தது. தான் போய்க் காட்டப்போவதாகச் சொன்னவள், என்னையும் கிளம்பச் சொன்னாள்.

"உங்க காலும் மடங்காமப் போச்சுன்னா, இந்த மூணாவது மாடியில ரெண்டு பேரும் என்னங்க பண்றது?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது.

"ஒரே டோக்கன் போடுவோம். உன் பேர்ல. உள்ள போய் வலது கால் வலிக்குதுன்னு சொல்லு. அப்படியே இடது காலும் வலிக்குதுன்னு சொல்லு."

"எனக்கு இடது கால் வலிக்கலையே."

"எனக்கு வலிக்குதே. அதைச் சொல்லு. மாத்திரையை ஆளுக்குப் பாதியா எடுத்துக்கலாம்."

"சரிங்க," என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில், மறுபேச்சில்லாமல் அவள் "சரிங்க" சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

சபதத்துக்குப் பங்கம் வராமல், ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்தேன். கோழி கிளறியது போல் நாலு வரி. அவளே படித்துச் சொன்னாள். இரண்டு காலும் தேய்ந்துவிட்டதாம். பெருக்கக் கூடாது, துடைக்கக் கூடாது, துணி காயப்போடக் கூடாது, அடுப்பு முன்னால் நிற்கவே கூடாது.

"மாத்திரை?"

"ஓய்வுதான் மருந்தாம்."

"அப்ப இதையெல்லாம் யார் செய்யறது?"

அவள் சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது.

மறுநாளிலிருந்து என் சாய்வு நாற்காலியில் அவள், அவள் துடைப்பத்தோடு நான். பெருக்கினேன். துடைத்தேன். கொடியில் போர்வையை உதறிப் போட்டேன். நாற்காலியிலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது, கட்டிலுக்கு அடியில் இன்னும் தூசி இருக்கிறது என்று. குனிந்து நிமிர்ந்து, ஆஸ்பத்திரியையும் அந்த டாக்டரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாயங்காலமானால் அவள் மட்டும் அரை மணி நேரம் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போய்விடுவாள். நான் பாத்திரம் தேய்ப்பேன்.

மூன்றாவது வாரம் வெடித்துவிட்டேன்.

"உன் இடது கால் நல்லாத்தானே இருக்கு? டாக்டர்கிட்ட சொன்னது என் வலியை!"

"எனக்குத் தெரியுதுங்க. டாக்டருக்குத் தெரியாதே. போய்ச் சொல்லிட்டு வாங்க."

போனேன். சபதமாவது ஒன்றாவது. என் பெயரில் டோக்கன் போட்டேன். உள்ளே ஒரு டாக்டரம்மா இருந்தார். மனைவி பெயரைச் சொல்லி, நடந்த தில்லுமுல்லு முழுவதையும் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதிர்க்கடையில உட்கார்ந்திருந்த இடது கால் நீங்கதானா?"

என் மனைவி உள்ளே போன உடனேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஓய்வு என்று டாக்டரம்மா சொல்லவே இல்லையாம். அவளைத் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னாராம். பக்கத்து வீடு எது என்று எனக்கு அப்போது புரிந்தது. என்னைப் பார்க்காமல் மருந்து எழுத முடியாது, நான் நேரில் வரும்வரை அந்த நாற்காலியிலிருந்து எப்படியாவது எழுப்புங்கள் என்றாராம்.

காலை மடக்கி நீட்டச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன் பாதியில் நின்ற முழங்கால் முழுசாக மடங்கியது. வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது. பாழாய்ப்போன கால், வலிக்கவே இல்லை. அதில் எனக்கு வந்த கோபத்துக்கு முன்னால் பழைய கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை.

"மாத்திரையாவது எழுதுங்க டாக்டர்," என்றேன், கொடுத்த காசுக்கு.

"தேவையில்லை. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க. மத்ததெல்லாம் உங்க வீட்டம்மா சொல்றபடியே விடாம செய்யுங்க."

இதுவரை வாய்மொழி உத்தரவாக இருந்ததை, முழுக் கட்டணம் கட்டி, என் பெயரிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.