சிவப்புக் கிண்டி

கிள்ளிப்பாலம் சிக்னலில் பச்சை விழுந்தது. சேஷனின் காருக்குள் சிவப்பு விழுந்தது.

மூக்கு வைத்த செம்பு மாதிரி ஒரு கிண்டியும் அதன் மூக்கில் ஒரு சொட்டும் வரைந்த சின்ன விளக்கு அது. ஆயில் பிரஷர் போய்விட்டது என்று அர்த்தம். எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்தச் சொல்லி, இருபது வருஷத்துக்கு முன்னால் காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. சேஷன் அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்க்கிறவர். புத்தகத்தில் 'உடனே' என்று இருந்தால் அவருக்கு உடனேதான். நட்டநடு ஜங்ஷனில் நிறுத்திவிட்டார்.

பின்னால் வந்த பஸ் அலறியது. டிரைவர் தலையை வெளியே நீட்டி மலையாளத்தில், "சாரே, உறங்கிப் போயோ?" என்றார்.

சேஷனுக்குக் காது வரைக்கும் சூடேறியது. மனுஷர் ஹோட்டலில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்பதற்கே நாலு முறை தொண்டையைச் செருமுகிறவர்.

"ஏன்னா, எல்லாரும் பாக்கறா," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி சாவித்ரி.

"பாத்தா பாக்கட்டும். பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு எடுங்கோ," என்றாள் பின் சீட்டிலிருந்த எதிராத்து மங்கலம் மாமி. பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் உடைக்க வேண்டிய தேங்காய்ப் பை மாமியின் மடியில் இருந்தது.

டேஷ்போர்டில் ஒரு பித்தளைப் பிள்ளையார் உண்டு. விஷுவுக்குச் சாவித்ரி வாங்கியது. ஒட்டிவைத்த பசை வெயிலில் இளகி, பாவம், இரண்டு தடவை குப்புற விழுந்தார். அப்புறம் சேஷனே டேஷ்போர்டில் துளை போட்டு, ஸ்க்ரூ வைத்து முறுக்கி நிறுத்தினார். ஆயுளில் அவர் செய்த ஒரே மெக்கானிக் வேலை அதுதான். காரில் ஏறுகிற எல்லோருக்கும் அதைக் காட்டாமல் விடமாட்டார்.

வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தார். கிண்டி அணையவில்லை. ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே போனது. "அப்பனே, மானத்தைக் காப்பாத்து!" என்று பிள்ளையாரின் தலையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார்.

கிண்டி அணைந்தது.

"பகவானே! தொட்டதும் அணைஞ்சுடுத்து, பாத்தேளா?" மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமி பார்த்துவிட்டால் போதாதா? சாயங்காலத்துக்குள் கரமனையில் அவர்கள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது.

மறுநாள் சேஷன் காரை நேசமணியிடம் கொண்டுபோனார். கரமனை ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வர்க்ஷாப். நேசமணி மார்த்தாண்டத்துக்காரர், பதினெட்டு வருஷமாக இந்தக் காரைப் பார்க்கிறவர். சுவரில் சர்ச் காலண்டர் தொங்கும். அதற்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுப்பது அவர் மனைவி சுசீலாபாய்.

வர்க்ஷாப் வாசலிலேயே கிண்டி மறுபடி எரிந்தது. நேசமணி ஆயில் அளவைப் பார்த்தார். கேஜை மாட்டிப் பிரஷரைப் பார்த்தார்.

"என்ஜினுக்கு ஒரு கேடும் இல்ல சார். லைட்டுதான் பொய் சொல்லுது."

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ரொம்ப நேரம் கழித்து எழுந்து பிள்ளையாரைப் பார்த்தார். சேஷனின் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார்.

"சார்... ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கோ."

"ஒண்ணுமில்ல. நீங்க போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க."

சாயா குடித்துவிட்டு வந்தபோது கிண்டி அணைந்திருந்தது.

"இனி வராது சார். ஆனா ஒண்ணையும் தொடாம ஓட்டணும், கேட்டேளா?"

சேஷன் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். பானெட்டைத் திறக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பையன் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டபோது அவனையும் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையார் மட்டும் லேசாக ஆடினார். அவரை ஒழுங்காக முறுக்கி வைத்தார். பிள்ளையார் கார் பாகம் இல்லையே!

நாலாம் நாள் கிண்டி எரிந்தது.

பிள்ளையாரின் தலையை அழுத்தி விளக்கை அணைத்து, வண்டியை ஓட்டிப் போய் மறுபடி நேசமணி, மறுபடி சாயா. விளக்கு அணையும், பிள்ளையார் ஆடுவார், சேஷன் முறுக்குவார், நாலு நாளில் கிண்டி எரியும். இதற்கிடையில் பிள்ளையாரின் புகழ் தெருவைத் தாண்டிவிட்டது. சேஷன் ஆபீசுக்குக் கிளம்பும்போது காரைச் சுற்றி நாலு மாமிகள் நிற்பார்கள். ஒருத்தி அருகம்புல் சாத்துவாள், இன்னொருத்தி சக்கரத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பாள். பல் வலிக்காரர் ஒருவர் கதவைத் திறந்து பிள்ளையாரைத் தொட்டுக் கன்னத்தில் தடவிக்கொண்டு போனார். சேஷனுக்குக் கூச்சத்தில் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் தடவை பிள்ளையார் ஆடியபோது மாமி சொன்னாள்: "அங்கே போயிட்டு வந்தா மட்டும் சாமி ஏன் ஆடறார்? அவன் சர்ச்சுக்குப் போற வேதக்காரனாச்சே. நான் ஒண்ணும் சொல்லலே."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சேஷன் நேரே வர்க்ஷாப்புக்கு விட்டார். பின் சீட்டில் மாமி இருக்கும் தைரியம்.

"மூணு தடவை வந்தாச்சு நேசமணி! லைட்டும் சரியாகலே, எங்க சாமியும் ஆடறார். வேலை தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. எங்க பிள்ளையாரை நீ எதுக்கு நோண்டறே?"

வண்டி காட்ட வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுசீலாபாய் எழுந்தாள். நேசமணி அவளைக் கையமர்த்தி உட்கார வைத்தார். கிரீஸ் படிந்த கையை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க சார்," என்றார். அவ்வளவுதான்.

பாலத்தில் ஏறும்போதுதான், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷரை 'நீ' என்று சொல்லிவிட்டோம் என்பது சேஷனுக்கு உறைத்தது. ஆனால் திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கக் கோபத்தைப் பிடித்துக்கொண்டார். சாலைக் கம்போளக் கடைவீதிக்குப் போய், இருப்பதிலேயே நீளமான ஸ்க்ரூவாக ஒன்று வாங்கிப் பிள்ளையாரை அசையாமல் இறுக்கினார்.

அன்றிலிருந்து கிண்டி அணையவே இல்லை. அழுத்திப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். சாவித்ரி இருபத்தொரு தேங்காய் வேண்டிக்கொண்டாள். ஊஹூம்!

"கோச்சுண்டுட்டார்," என்றாள் மங்கலம் மாமி. "நீங்க யாரையோ மனசு நோகப் பண்ணியிருக்கேள், சேஷா." சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் பழவங்காடிக்குப் போய்விட்டாள்.

பெரிய வர்க்ஷாப் ஒன்றிலிருந்து ஆள் வந்து பார்த்தான். பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டான். "என்ஜின் இறக்கணும் சாரே, வேற வழியில்ல," என்றான்.

சேஷன் பஸ்ஸில் ஆபீஸ் போக ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ் பாலத்தைத் தாண்டியதும், வர்க்ஷாப் தெரியாத பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே ஒரு பாத்திரக் கடைதான் இருந்தது. அதை அவ்வளவு கவனமாகப் பார்த்த மனுஷர் வேறு யாரும் இருக்க முடியாது.

"எத்தனை நாளைக்கு இப்படிக் கழுத்தைத் திருப்பிண்டே இருப்பேள்?" என்றாள் சாவித்ரி. "போய் ஒரு வார்த்தை சொன்னா தேய்ஞ்சா போயிடுவேள்? எனக்கே ராத்திரி தூக்கம் வரலே."

சிவப்பு எரிகிற என்ஜினை ஓட்டக் கூடாது என்பது புத்தகம். ஆகவே மறுநாள் மத்தியானம் ஓர் ஆட்டோவில் கயிறு கட்டிக் காரை இழுத்துப் போனார்கள். சேஷன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே குறுகி உட்கார்ந்திருந்தார். மாலையும் அருகம்புல்லுமாக டேஷ்போர்டில் பிள்ளையார். பாலத்தில் எதிரே வந்த ஒரு கிழவர், ஏதோ ஊர்வலம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சேஷனுக்கு அப்படியே ஆற்றில் குதித்துவிடலாமா என்று இருந்தது.

நேசமணி சாப்பிட்டு முடித்து எழுந்தவர், ஓடிவந்து கயிற்றை அவிழ்த்தார்.

"வாங்க சார்! வெயில்ல வந்திருக்கீங்களே."

"நேசமணி... அன்னிக்கு நான்... உங்களை..." சேஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். கை கழுவிட்டு வந்துடுதேன்." நேசமணி கொல்லைப்பக்கம் குழாயடிக்குப் போனார். அங்கே தண்ணீர் விழும் சத்தமும் சோப்புத் தேய்க்கும் சத்தமும் ரொம்ப நேரம் கேட்டன.

சேஷன் சுசீலாபாயைப் பார்த்தார். "அவரைச் சொல்லிக் குத்தமில்லே. இதுல என்ன கோளாறுன்னு யாருக்குமே தெரியலே."

சுசீலாபாய் ஒரு தடவை குழாயடிப் பக்கம் பார்த்தாள். பிறகு டப்பாவிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சேஷனின் கையில் வைத்தாள்.

"அவருக்கு முதல் நாளே தெரியும் சார், உங்க பிள்ளையாரு ஸ்க்ரூதான் உள்ள போயி லைட்டு வயர்ல முட்டுதுன்னு, வேதக்காரன், அதுவும் மீன் தின்ன கையோட, ஒரு ஐயரப் பாத்து சாமியக் கழட்டுங்கன்னு எப்பிடிச் சொல்லன்னுதான், மூணு தடவையும் ரெண்டு சுத்து தளத்தி விட்டுட்டுப் பேசாம இருந்தாரு."