பல்லாவரத்தில் நான் நடத்திய சர்வர் யுத்தம்

இளவயதில் கட்சி வெறி பிடித்தால்கூட ஒரு தேர்தலில் தெளிந்துவிடும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் வெறி பிடித்தால் தெளியாது. எனக்குப் பிடித்தது லினக்ஸ்.

அப்போது தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. லினக்ஸின் சின்னமான பென்குவின் படம் போட்ட டி-ஷர்ட்டைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு, விண்டோஸ்காரர்களைக் கைநாட்டுகள் மாதிரி பார்ப்பேன். (வீட்டில் நான் வைத்திருந்தது விண்டோஸ். அது வேறு விஷயம்.)

பல்லாவரத்தில் தோல் பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த தேவராஜ், தன் கம்பெனியின் பழைய சர்வரை மாற்ற நினைத்தார். புது விண்டோஸ் விற்க நாவலூரிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவன் வந்தான். வாக்கியத்துக்கு ஒரு முறை 'சொல்யூஷன்' என்றான். கேட்ட எந்தக் கேள்விக்கும் அது மட்டும் அவனிடம் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு எங்கள் கடை சார்பில் போயிருந்த நான் குறுக்கே புகுந்தேன். "சார், லினக்ஸ் இலவசம். வைரஸ் வராது. ஹேங் ஆகாது."

"இலவசமா? அப்போ நீ இன்னாத்துக்கு வந்துகினு கீற?" என்றார் தேவராஜ்.

"சேவை சார்!"

கணக்கு பார்க்கும் ஸ்டெல்லா, "எதுக்கும் ஒரு பேக்கப் எடுத்துக்கலாமே?" என்றாள்.

"மேடம், பேக்கப்லாம் விண்டோஸ்காரங்க கவலை." (இதைச் சொன்ன அதே வாயால்தான் இன்றும் சோறு சாப்பிடுகிறேன்.)

பழைய கணக்கைத் தொடாமல் பக்கத்தில் லினக்ஸை ஏற்றுவதாகத் திட்டம். சி.டி.யைப் போட்டதும் திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. டைக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது நின்று படித்தால் என் கௌரவம் என்னாவது? ஸ்டைலாக 'எஸ்' தட்டினேன். டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிக்கலாமா என்று கேட்டிருக்கிறது.

கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னியது.

"இன்னாபா, கரண்ட் பூட்ச்சா?"

"இல்ல சார். இதான் லினக்ஸ்."

"என் கணக்கு எங்க கீது?"

"டேட்டா லாஸ் எங்க ஸ்கோப்ல வராது சார்" என்று டைக்காரன் லேப்டாப்பை மூடிக்கொண்டு நழுவினான். ஆடிட்டர் வரவிருந்த நேரம். ஸ்டெல்லா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

தேவராஜ் அடிக்கவில்லை. பில் கட்டுகளைத் தூக்கி என் முன்னால் போட்டார். "நீ படி. அவ அடிக்கட்டும்."

அந்த மழைக்காலம் முழுக்க, கடை முடிந்ததும் பல்லாவரத்துக்கு ஓடி பில் வாசித்தேன். ஸ்டெல்லா தட்டினாள், புதிதாக வாங்கிய விண்டோஸில். (விற்றவன் அதே டைக்காரன்.) முதலில் என்னைத் திட்டிக்கொண்டே தட்டினாள். பிறகு டீயில் பங்கு கொடுத்தாள். பிறகு, பில் தீர்ந்த பிறகும் நான் வருவதைக் கண்டுகொள்ளாமல் இருந்தாள்.

கல்யாணம் தாம்பரம் சர்ச்சில். ஃபாதர் என்னிடம், "இந்தப் பெண்ணை மணக்கச் சம்மதமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து தேவராஜின் குரல்:

"யோவ், கேள்விய நல்லா கேட்டுக்கினு எஸ் சொல்லுயா!"

சர்ச்சே சிரித்தது. ஃபாதர் மறுபடி கேட்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் மணப்பெண்ணின் சிரிப்பு அடங்கவில்லை. இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதை அவள்தான் ஆரம்பிக்கிறாள். தேவராஜ் குரலிலேயே.