ஐஸ் பெட்டிக்குள் டூலிப்

“என்னங்க, மொட்டு வாயத் திறக்கப் பாக்குது.”

“திறக்கட்டும். அதுக்குத்தான வளக்க?”

“இன்னைக்குத் திறந்தா இன்னைக்கே வாடிரும். சுதாராணி மதினி நாளைக்குத்தான வாராவ.”

செண்பகராஜ் சட்டையை மாட்டிக்கொண்டார். ஐப்பசியிலிருந்து அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்கு இடமில்லை. குன்னூர்ச் சம்பந்தியம்மா சுதாராணி கொடுத்த டூலிப் கிழங்குகள் அங்கே குடியிருந்தன. கொடுக்கும்போதே அந்த அம்மாள் சொல்லியிருந்தாள்: “முளைக்க வச்சிருவீங்க மதினி. ஆனா உங்க ஊர் வெக்கையில பூ ஒரு நாள் நிக்காது.”

ராதாமணி சிரித்துக்கொண்டே வாங்கி வந்தாள். வந்த அன்றே தொட்டியில் போட ஒரு கூடை கரிசல் மண் சலித்து வைத்தாள். மார்கழி முடிவதற்குள் அழுகியதெல்லாம் போக மிஞ்சிய ஒற்றைக் கிழங்கு, தொட்டியில் சிவப்பாக மொட்டு விட்டது.

செண்பகராஜ் தன் தீப்பெட்டி ஆபீஸ் பண்டல் விஷயமாக மணியாச்சிக்குக் கிளம்பினார். அவசரத்தில் போனை மறந்துவிட்டார்.

ராதாமணி தொட்டியை ஏ.சி. அறையில் வைத்தாள். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு ஏ.சி. நின்றுபோனது. ஃப்ரிட்ஜில் வைக்கலாமென்று தட்டைக் கழற்றினாள். இழுத்த இழுப்பில் கதவு கையோடு வந்தது. பிறகுதான் பூவனலிங்கத்துக்குப் போன் போட்டாள். இறந்தவர்களை வைக்கிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவன் அவன்.

“தம்பி, ஒரு பெட்டி வேணும்.”

“ஐயையோ, அண்ணாச்சிக்கா?”

“அவிய மணியாச்சி போயிருக்காவ. பெட்டி பூவுக்கு.”

அவன் யோசித்தான். “நல்ல பெட்டி கடம்பூர்ல நிக்கி. இன்னொண்ணு சும்மா கிடக்கு. பூவுக்குன்னா அது போதும்க்கா.”

பெட்டி வேனில் வந்து இறங்கியது. கூடத்தில் இடம் பற்றாததால் நாற்காலிகளை எல்லாம் வாசலில் போட்டாள். தொட்டியை உள்ளே இறக்கி, கண்ணாடி மூடியைப் போட்டு, சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது, விசிறி இரைந்தது. ஜன்னல் வெயில் படாமலிருக்க மேலே கணவரின் வெள்ளை வேட்டியை விரித்தாள். ஆயிரம் இருந்தாலும் ஐஸ் பெட்டியைத் தொட்ட கை. தலைக்குக் குளிக்கப் போனாள்.

எதிர்வீட்டு இசக்கிசெல்வி எட்டிப் பார்த்தபோது தெரிந்தவை: வாசலில் நாற்காலி, கூடத்தில் பெட்டி, பெட்டிமேல் அண்ணாச்சியின் வேட்டி. அவள் முதலில் குன்னூருக்குப் போன் போட்டாள். பிறகு தீப்பெட்டி ஆபீஸுக்கு. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ராதாமணி ஈரத்தலையை விரித்துப்போட்டு, நெற்றியில் பொட்டில்லாமல் வந்தபோது கூடம் நிறைந்திருந்தது.

“அழுதுருங்க அக்கா. உள்ள வச்சுக்கிடாதீங்க,” என்று இசக்கிசெல்வி கட்டிக்கொண்டாள்.

“ஏட்டி, யாருக்கு என்ன ஆச்சு?”

“பாவம், புத்தி பேதலிச்சிட்டு,” என்றாள் தீப்பெட்டி ஆபீஸ்காரி ஒருத்தி. நாலு பேர் ராதாமணியைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவள் எழ எழ, இன்னும் நாலு பேர் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில் மணியாச்சியிலிருந்து திரும்பிய செண்பகராஜ், தன் வீட்டு வாசலில் இழவு வீட்டுக்குப்போலத் துட்டி கேட்க வந்த கூட்டத்தைக் கண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்: “யாருங்க?”

“நம்ம செண்பகராஜ் அண்ணாச்சி,” என்று திரும்பியவர், நாற்காலியோடு சாய்ந்தார்.

செண்பகராஜ் உள்ளே ஓடிப்போய் வேட்டியை உருவினார். பெட்டிக்குள் ஒரு டூலிப், பட்டுச் சேலைச் சிவப்பில், நிமிர்ந்து நின்றது.

கூடமே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது.

“இது நம்ம ஊர்லயா பூத்துச்சு?” என்றாள் தீப்பெட்டி ஆபீஸ்காரி.

“கரிசல் மண்ணுதான் போட்டேன்,” என்றாள் ராதாமணி. பொட்டில்லாத நெற்றி தானாக நிமிர்ந்தது.

கொண்டுவந்த மாலைகளைப் பெட்டிக்கே சாத்தினார்கள். தெருத்தெருவாக ஆள் வந்து போட்டோ எடுத்தது. குன்னூருக்குத்தான் திருத்திச் சொல்ல முடியவில்லை. சம்பந்தியின் போன் கிடைக்கவேயில்லை.

மறுநாள் காலை கையில் ரோஜா மாலையோடு அழுதுகொண்டே இறங்கிய சுதாராணிக்குச் செண்பகராஜே காப்பி கொடுத்தார். ஒரு வாய் குடித்தபின் அந்த அம்மாள் பெட்டியைச் சுற்றி வந்தாள்.

“நேத்துப் பூத்ததா?”

“நேத்து மத்தியானம். இன்னும் ஒரு இதழ் சாயல, பாருங்க.”

“எப்படிச் சாயும்? எங்க ஊர்க் குளிரைப் பெட்டியில அடைச்சில்ல வச்சிருக்கீங்க. இது உங்க ஊர்ல நின்ன பூ இல்ல மதினி. பெட்டியில நின்ன பூ.”

வேடிக்கை பார்த்த தெருவே தலை குனிந்தது. ராதாமணி பெட்டிமேல் கிடந்த மாலையைச் சரிசெய்தாள். மூன்று மாதம் தயிரில்லாமல் சாப்பிட்ட செண்பகராஜ் அவளைப் பார்த்தார்.

பூவனலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

“அக்கா, பூவு நல்லாப் பூத்துட்டுல்லா. பெட்டிய எடுத்துக்கிடவா? லைட்டும் விசிறியும்தான் ஓடுது, இதுல குளுரு போய் ஒரு மாசமாவுது, இன்னைக்காவது ரிப்பேருக்குக் குடுக்கணும்.”