வரவேற்பறைச் சுவருக்கு ஒரு தபால் வாக்கு

சிவமயம்

டோர்ட்மண்ட்
03.10.2005

அன்புள்ள மச்சான் உமாபதி காண்க,

நானும் உமது அக்காவும் பிள்ளைகள் இருவரும் சுகம். சுகமில்லாதது எங்கள் வரவேற்பறைச் சுவர் ஒன்றுதான். பீலெஃபெல்டில் நீரும் பாலாம்பிகையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்துடன் ஒரு வாக்குச்சீட்டும் முத்திரை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். சீட்டை நிரப்ப முன்னர் இந்தக் கடிதத்தை முழுவதும் வாசியும். தேர்தல் அதிகாரி நான் என்பதால் உம்மை எந்தப் பக்கமும் சாய்க்க எனக்கு உரிமையில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்து முடிந்ததும் எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவது நியாயம் என்று உமக்கே விளங்கும். இரண்டாவது பெட்டி.

எங்கள் சுவரில் முப்பத்தொரு வரைபடங்கள் இருப்பது உமக்குத் தெரியும். போன பொங்கலுக்கு வந்தபோது பத்துப் பேர் முன்னால் நீர் அவற்றைப் பார்த்து, "அத்தான், நேசரிப் பிள்ளையள் நிறம் தீட்டின மாதிரி இருக்கு" என்று சொன்னீர். அதை நான் மறந்துவிட்டேன். ஒன்பது மாதமாக ஒவ்வொரு நாளும் மறந்துகொண்டு வருகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜெர்மன் மொழியை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவிய காலத்தில், கிழங்குத் தோலைச் சுற்றி எறிய வைத்திருந்த பழைய பத்திரிகைகளில் தேர்தல் முடிவுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன். எண்களுக்கு இலக்கணம் இல்லை, மச்சான். ஓய்வு கிடைத்த பிறகு நகர நூலகத்தில் குந்தியிருந்து, புள்ளிவிவரப் புத்தகங்களில் மாவட்டம் மாவட்டமாக எண்களைக் கொப்பியில் எழுதி, மெல்லிய தாள் வைத்து எல்லைகளைப் படியெடுத்து, ஓம் என்ற இடத்துக்கு மஞ்சளும் இல்லை என்ற இடத்துக்கு ஊதாவும் தீட்டினேன். இத்தாலியில் 1946இல் மன்னர் வேண்டுமா குடியரசு வேண்டுமா என்று கேட்டபோது நாடு வடக்கு தெற்காக எப்படிப் பிரிந்தது என்று சோபாவில் இருந்தபடியே பார்க்கலாம். நோர்வே 1972இலும் 1994இலும் ஐரோப்பாவில் சேரமாட்டேன் என்றது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், இடையில் இருபத்திரண்டு வருடம் போனது என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். அப்படி அசையாத சனத்தை எனக்குப் பிடிக்கும். சேயோன் சொல்கிறான், "அப்பா, கொம்பியூட்டர் அஞ்சு நிமிசத்தில நிறம் அடிச்சுத் தரும்" என்று. ஐந்து நிமிடத்தில் அடித்த நிறத்தை ஐந்து நிமிடம்தான் பார்ப்பார்கள் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

இப்படி நிம்மதியாக இருந்த சுவருக்குக் கலியாணத்தால் வந்தது வினை. மகள் கம்சனாவைப் பெண் பார்க்க டுசல்டோர்ஃபிலிருந்து இரத்தினம் குடும்பம் இந்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் திகதி, வருகிறது. பெடியன் எஞ்சினியர், நல்ல இடம். கம்சனா ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே அவளுக்கு மறுப்பில்லை என்பது என் கணிப்பு. நாள் குறித்த அன்றே உமது அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். "இஞ்சாருங்கோ, அவையள் டெர்மின் தந்திட்டினம். வந்து இருக்கப்போற சோபாவுக்கு மேல உந்த மஞ்சளும் ஊதாவும் என்னத்துக்கு? வீட்டில ஆருக்கோ வருத்தம் எண்டெல்லோ நினைக்கப் போகினம்." அந்த இடத்தில் ஒரு லட்சுமி படமும், சேயோன் பட்டம் வாங்கிய படமும் மாட்ட வேண்டுமாம். முடியாது என்றேன். "அப்ப வோட் வைப்பம். சனம் சொல்லுறதுதான் முடிவு எண்டு ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுறனீங்கள்தானே?" என்றார். இத்தனை வருடம் அவருக்கு நான் நடத்திய பாடம் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் என் தலையில் வந்து விழுந்தது. மாட்டேன் என்று சொன்னால் முப்பத்தொரு படத்துக்கும் என்ன அர்த்தம்? சம்மதித்தேன்.

கேள்வியை நான் பதினொரு வரியில் எழுதினேன். "வாசிச்சு முடியிறதுக்குள்ள சோறு குழைஞ்சிடும்" என்று உமது அக்கா அதை ஒரே வரியாக்கிவிட்டார்: படங்களைக் கழற்ற வேண்டுமா? ஓம், இல்லை. அதற்கு முன்னர் ஒழுங்கான தேசங்களில் செய்வது போல நானும் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தேன். உமது அக்கா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றார். "நேசமலர், அந்தப் படங்களை வரையிறதுக்கு நான் எவ்வளவு கஷ்டப்பட்டனான் எண்டு தெரியும்தானே, இருக்கட்டும் என்ன?" என்று கேட்டேன். "ஓம் ஓம்" என்றார். சேயோன் சப்பாத்துக் கட்டிக்கொண்டு "ஓம் அப்பா" என்றான். கம்சனா குளியலறைக் கதவுக்கு உள்ளேயிருந்து "ஓம்" என்றாள். நூறு வீதம்! செப்டெம்பர் பதினெட்டாம் திகதி இரவு, நாற்பதுக்கு மேல் வரும் என்று கணித்த கட்சிக்கு முப்பத்தைந்து வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து, எவ்வளவு மடையர்கள் இந்தக் கணிப்புக்காரர் என்று விழுந்து விழுந்து சிரித்தவன் நான். ஒரு கிழமை கழித்து என் வீட்டில் வாக்குப்பதிவு. வாக்குச்சாவடி சாமி அறை, பெட்டி பழைய பால்மா டின். ஒவ்வொருவராக உள்ளே போய், கும்பிட்டு, புள்ளடி போட்டு வந்தார்கள். எண்ணினேன். திரும்ப எண்ணினேன். டின்னைக் கவிழ்த்துத் தட்டினேன். கழற்று என்று இரண்டு, கழற்றாதே என்று இரண்டு.

நம் ஆட்களின் ஓம் எதற்கும் உதவாது, மச்சான். அது ஒரு வாக்கு அல்ல, கதையை முடிக்கிற ஒரு சத்தம். அதை எண்ணியது என் பிழை என்று ஒத்துக்கொள்கிறேன். வேறு எந்தப் பிழையையும் ஒத்துக்கொள்ளவில்லை. என்னைத் தவிர எனக்கு வாக்களித்த அந்த இன்னொரு ஆத்மா யார்? படித்த பிள்ளை, தகப்பன் அருமை தெரிந்தவன், சேயோன்தான் என்று முடிவு செய்து, அன்று மீன் குழம்பில் தலைத் துண்டை அவனுக்கு வைத்தேன். அவனும் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சிச் சாப்பிட்டான்.

சமநிலை என்றால் இருப்பது இருந்தபடி இருக்க வேண்டும் என்பது என் வாதம். உமது அக்கா ஏற்கவில்லை. சரி என்று வீட்டையே ஒரு வரைபடமாக வரைந்து காட்டினேன். வரவேற்பறை, நடை, பல்கனி, கெல்லர் என்கிற நிலவறை, சேயோனின் அறை எல்லாம் என் ஊதா. குசினியும் இரண்டு படுக்கையறையும் மாத்திரம் மஞ்சள். பரப்பளவில் அறுபத்தொரு வீதம் எனக்கு. யார் பார்த்தாலும் நான் வென்றது தெரியும். சேயோன் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான், "கெல்லரும் பல்கனியும் எப்ப வந்து வோட் போட்டது, அப்பா? நோர்வே படத்தைக் காட்டி, நிலத்தைப் பாக்காதை, ஆக்களைப் பார் எண்டு நீங்கள்தானே வாறவை போறவைக்கெல்லாம் சொல்லுறனீங்கள்?" மற்றவர்களுக்குச் சொல்கிற பாடத்தை வீட்டுக்குள் திருப்பிச் சொல்கிற பிள்ளைகளை வளர்க்கக் கூடாது. உமக்குப் பிள்ளைகள் பிறந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

பிறகு உமது அக்கா இன்னொரு முறை வாக்கெடுப்பு வைப்போம் என்றார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. டென்மார்க் 1992இல் ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கு இல்லை என்றது. அடுத்த வருடமே திரும்பக் கேட்டு ஓம் வாங்கினார்கள். அயர்லாந்து 2001இல் இல்லை என்றது. அடுத்த வருடம் திரும்பக் கேட்டு ஓம் வாங்கினார்கள். இதற்குப் பெயர் வாக்கெடுப்பா? கடைக்காரன் ஒரு விலை சொல்லிவிட்டால் அதுதான் விலை. சனம் ஒரு பதில் சொல்லிவிட்டால் அதுதான் பதில். ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்பவன் முதல் தரம் காது கொடுக்காதவன். என் உயிர் உள்ளவரை இந்த வீட்டில் ஒரு கேள்வி இரண்டு முறை கேட்கப்படாது என்று சாமி அறை வாசலில் நின்று சொன்னேன். உமது அக்கா "ஓம் ஓம்" என்றார்.

நேற்றுத்தான் வழி பிறந்தது. டிரெஸ்டன் நகரில் ஒரு தொகுதி மட்டும் இரண்டு கிழமை பிந்தி நேற்று வாக்களித்தது அல்லவா? நாடு முழுவதும் அந்த ஒரு தொகுதிக்காகக் காத்திருந்தது. எங்கள் டிரெஸ்டன் நீர்தான். 1987இல் நீர் வந்து இறங்கியபோது பதினான்கு மாதம் அந்தச் சுவரோரம்தான் பாய் போட்டுப் படுத்தீர். நீர் தலை வைத்த இடத்துக்கு மேலே இப்போது சுவிற்சர்லாந்து தொங்குகிறது. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு சுவரோரம் படுத்தவருக்கு அந்தச் சுவரில் வாக்குரிமை உண்டு என்று ஒரு விதி எழுதினேன். உமது அக்கா உடனே சம்மதித்தார். தம்பி எங்கே போகப் போகிறான் என்ற நினைப்பு. அந்த நினைப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், நான் அதிகாரி. அவர் தொலைபேசி எடுத்து உம்மிடம் அழுதால் அது தேர்தல் விதி மீறல். நான் இத்துடன் தனிப் பொதியில் அனுப்பும் எலுமிச்சங்காய் ஊறுகாய் போத்தலுக்கும் வாக்குக்கும் சம்பந்தமில்லை. சனிக்கிழமைத் தபாலில் உமது பதில் கிடைக்க வேண்டும். உமது ஒரு புள்ளடியில் என் முப்பத்தொரு படமும் தொங்குகிறது, மச்சான்.

பாலாம்பிகைக்கு எங்கள் எல்லோருடைய அன்பும். முருகன் உங்கள் இருவருக்கும் நல்ல புத்தியையும், முக்கியமாக உமது வலது கைக்கு நல்ல தெளிவையும் தரட்டும்.

இப்படிக்கு,
உமது அத்தான்
வை. இராசலிங்கம்
(தேர்தல் அதிகாரி)

பி.கு.: உறையை ஒட்ட முன்னர் தொலைபேசி அடித்தது. மாப்பிள்ளையின் தகப்பன் இரத்தினம். "அண்ணை, உங்கட வீட்டுச் சுவர் முழுக்க எலெக்சன் படமாமே, உண்மையோ?" உமது அக்கா வெட்கத்தில் முன்கூட்டியே அவர் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நான் உண்மை என்றேன், சண்டைக்கு ஆயத்தமாக. "ஐயோ அண்ணை, நான் எழுபத்தேழாம் ஆண்டில இருந்து எல்லா நாட்டு முடிவும் கொப்பியில எழுதிறனான். பதினெட்டுக் கொப்பி! வீட்டில ஒருத்தரும் திரும்பியும் பாக்கினமில்லை. என்னட்டை எண், உங்களிட்டைப் படம். வேற என்ன பொருத்தம் பாக்கக் கிடக்கு? சம்பந்தம் முடிஞ்சுது எண்டு வையுங்கோ."

நான் வரவேற்பறைக்குள் ஓடிப்போய்ச் சொன்னேன். உமது அக்கா அதே இடத்தில் கட்சி மாறினார்: "படத்தில ஆரும் கை வைக்கப்படாது!" ஈரத்துணி எடுத்து இத்தாலியைத் துடைக்கத் தொடங்கினார். கம்சனா எழும்பி வந்தாள், கதிரையில் ஏறினாள், நோர்வேயைக் கழற்றினாள்.

"பிள்ளை, என்ன செய்யிறாய்?"

"அந்த மற்ற 'இல்லை' ஆற்றை எண்டு நினைச்சனீங்கள், அப்பா?"

"தம்பி சேயோன்ரை."

"என்ரை. உதுகளைப் பாத்தா அவையள் பயந்து ஓடிடுவினம் எண்டு நினைச்சன். இப்ப உதுக்காகவே வருகினம்!"

"நீ கலியாணத்துக்கு ஓம் எண்டுதானே..."

"எப்ப சொன்னனான்? ஆனி மாதம் உங்களிட்டை வந்து, ரெண்டு வருசம் போகட்டும் அப்பா, இப்ப வேண்டாம் எண்டு சொன்னனான். நீங்கள்தான் 'ஓம் ஓம்' எண்டனீங்கள்."

ஆனி மாதம் நான் ஒல்லாந்துக்கு ஊதா தீட்டிக்கொண்டிருந்தேன். ஐரோப்பிய அரசியலமைப்புக்கு ஒல்லாந்து இல்லை என்று சொன்னது மாகாணம் மாகாணமாக எனக்குத் தெரியும். வீட்டில் மூன்று பேர் சொன்ன ஓமை எண்ணி நான் ஒரு கிழமை ஏமாந்தேன். நான் சொன்ன ஒரே ஓமை அவள் நாலு மாதமாக நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஆகவே, மச்சான், கலியாணக் கேள்வியை அவளிடம் திரும்பக் கேட்டேன். வாக்காளர் ஒருவர். 'இல்லை' நூறு வீதம். படம் வரையத் தேவைப்படவில்லை. டென்மார்க், அயர்லாந்து பற்றி மேலே எழுதியதை அடித்துவிடும். வாக்குச்சீட்டைக் கிழித்துவிடும். இரத்தினத்துக்கு எடுத்து, இப்போதைக்குச் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். கொப்பி ஒன்றை மூடிவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரலில், "படம் பாக்க மட்டும் வரலாமோ, அண்ணை?" என்று கேட்டார். எப்படி இல்லை என்பது? ஆனால் இங்கே வந்தால் உமது அக்கா தேத்தண்ணித் தட்டைக் கம்சனாவின் கையில் கொடுத்துவிடுவார். அதனால் ஞாயிறு காலை சேயோன் முப்பத்தொரு படத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு பீலெஃபெல்டுக்கு வருகிறான். இரத்தினமும் கொப்பிகளோடு நேரே அங்கேதான் வருகிறார். உமது சோபாவுக்கு மேலே உள்ள சுவர் போதும் என்று நினைக்கிறேன். ஆணியும் சுத்தியலும் நானே கொண்டு வருகிறேன்.

பாலாம்பிகையிடம் இன்றே கேட்டுச் சொல்லும். அவர் ஏசினால் பரவாயில்லை, சமாளிக்கலாம். "ஓம் ஓம்" என்று சொன்னால் மட்டும் உடனே எனக்கு அறிவியும்; வேறு வீடு பார்க்க வேண்டும்.