கரன்ட் பில்லில் உட்கார்ந்த பறவை

கரன்ட் பில்லின் பின்பக்கம் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. மைப்பேனாவால் வரைந்தது. இறக்கைகள் கோட்டின்மேல் கோடாகக் கறுத்து உடம்போடு ஒட்டிக் கிடந்தன. கத்த வாயெடுத்து, எதற்கு வம்பு என்று நிறுத்திக்கொண்டதுபோல அலகு பாதி திறந்திருந்தது. ஒரு காலில் கயிறு.

அந்த ஹப்சிகுடா வீட்டில் மைப்பேனா வைத்திருப்பவன் பிரசன்னா ஒருவன்தான். அவன் மனைவி ரோகிணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்திருப்பவர் மனசில் இதுவா இருக்கிறது?

படம் பிடித்து ரஷ்மிக்கு அனுப்பினாள். கூட வேலை பார்க்கும் ரஷ்மி, அமீர்பேட்டில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய், வரைந்ததைப் பார்த்து மனசைச் சொல்வதற்குச் சான்றிதழ் வாங்கியவள்.

"கயிறுன்னா குடும்பம். மூடின இறக்கைன்னா அடக்கி வெச்ச ஆசை. முதல்ல அவரை அவுத்து விடு, ரோகிணி!"

அன்றைக்கே அவிழ்த்தாள்.

"உங்க ஃப்ரெண்டு ஷ்யாமோட கோவா போகணும்னீங்களே, போய்ட்டு வாங்களேன்."

பிரசன்னாவின் கையில் தோசை பாதி வழியில் நின்றது. "மூணு வருஷமா கேட்டேன், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே. இப்ப என்ன திடீர்னு?"

"சும்மாதான். இனிமே நீங்க சந்தோஷமா இருக்கணும்."

அந்த 'இனிமே' அவனைக் கலக்கிவிட்டது. கோவா போகவில்லை. லீவு போட்டு வீட்டிலேயே உட்கார்ந்து, அவளுடைய மருந்து டப்பாவைத் திறந்து திறந்து பார்த்தான்.

"குற்ற உணர்ச்சி. அதான் ஒட்டிக்கிறார்," என்றாள் ரஷ்மி. "இன்னும் கொஞ்சம் தளர்த்து."

புதன்கிழமை ரோகிணி மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். "நான் யாரையும் கட்டிப்போட விரும்பல. போகணும்னு தோணினா தாராளமா போங்க."

பிரசன்னா பால்கனிக்குப் போய் மாமியாருக்கு போன் போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை சென்னை ரயிலில் வந்து இறங்கிய அம்மா, செருப்பைக் கழற்றும் முன்பே அழ ஆரம்பித்தாள். "தங்கமான மாப்பிள்ளைய எங்கடி போகச் சொல்றே?"

ரோகிணி பில்லை நீட்டினாள்.

"இதை நானா வரைஞ்சேன்?" பிரசன்னா அலறினான். "நேரா ஒரு கோடு போட வருமா எனக்கு?"

"பேனா உங்களோடதுதானே?"

"பேனா என்னோடது. பறவை என்னோடது இல்லடி!"

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தாளை வாங்கிப் பார்த்தாள். "ஐயோ, வாயில்லாத ஜீவன். எந்தப் பாவி இதைக் கட்டிப்போட்டது?"

காபித் தட்டோடு வந்த அன்னக்கிளி எட்டிப் பார்த்தாள். ரயில்வே காலனியிலிருந்து வந்து சமைக்கிறவள்.

"நக்கோ, வேணாம், அழாதீங்க பெரியம்மா. இது நம்ம ரோகிணி அக்கா வரைஞ்சது. போன ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் நீங்க போன்ல பேசினீங்களே, 'சரிம்மா, சரிம்மா'ன்னுக்கிட்டே, சார் பேனாவ எடுத்து எங்கயோ பார்த்துக்கிட்டே வரைஞ்சாங்க."